தொலைக் கணினித் திரையில் நிற ஆழம்: 16, 24, 32 என்ற எண்கள் சொல்வதும் சொல்லாததும்

வேறோர் இடத்தில் இருக்கும் கணினியை நம் திரையில் திறந்து வேலை செய்யும்போது அது மந்தமாக நகர்ந்தால், பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "கலரை 16 பிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள்." எழுத்து கலங்கலாகத் தெரிந்தால் அவரே, "32 பிட் வையுங்கள், தெளிவாகிவிடும்" என்பார். இரண்டு யோசனைகளும் ஒரு காலத்தில் பொருத்தமாக இருந்தவை. இன்றைய மென்பொருள்களில் அவை பல நேரங்களில் எந்த மாற்றத்தையும் தருவதில்லை. ஏன் தருவதில்லை என்பது தெரியாததால், பலர் அந்த ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்து நேரத்தை இழக்கிறார்கள். உண்மையான காரணமோ வேறெங்கோ இருந்துவிடுகிறது.

ரிமோட் டெஸ்க்டாப்பை அன்றாடம் பயன்படுத்தியும், அதன் அமைப்புகளில் வரும் 15, 16, 24, 32 என்ற எண்களின் பொருளை யாரும் சொல்லித் தராதவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. கொஞ்சம் கணக்கு வரும். அது பெருக்கல் வகுத்தலுக்கு மேல் போகாது.

## ஷேடு கார்டும் தொலைபேசியும்

வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பெயிண்ட் கடையில் நிற்கிறீர்கள். உங்கள் தங்கை வீட்டில் இருக்கிறார். இருவர் கையிலும் ஒரே ஷேடு கார்டு இருக்கிறது. எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று தொலைபேசியில் சொல்ல, "சந்தனத்துக்கும் வெளிர் மஞ்சளுக்கும் நடுவில் ஒன்று" என்றெல்லாம் விவரிக்க வேண்டியதில்லை. அட்டையில் உள்ள எண்ணைச் சொன்னால் போதும். அட்டையில் 100 நிறங்கள் இருந்தால், 00 முதல் 99 வரை, இரண்டு இலக்க எண்ணே போதுமானது. 1,000 நிறங்கள் இருந்தால் மூன்று இலக்கம் வேண்டும். ஒரு சுவருக்கு மட்டும் என்றால் ஓர் இலக்கம் கூடுவது பொருட்டே இல்லை. ஆனால் சுவரை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக எண் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஓர் இலக்கமே பேச்சை மணிக்கணக்கில் நீட்டிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே கவனிக்க வேண்டும். அட்டையில் இல்லாத நிறத்தை எண்ணால் சொல்ல முடியாது. அதற்கு மிக நெருக்கமான நிறத்தின் எண்ணைச் சொல்லிச் சமாளிக்கத்தான் முடியும். அப்போது கடையில் நீங்கள் பார்த்த நிறமும் தங்கை சுவரில் காணும் நிறமும் சற்றே வேறுபட்டிருக்கும்.

தொலைக் கணினி மென்பொருள் அடிப்படையில் செய்வதும் இதையேதான். திரை என்பது சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியையும் பிக்சல் என்கிறோம். தொலைவில் இருக்கும் கணினி, தன் திரையின் பிக்சல் ஒவ்வொன்றும் என்ன நிறம் என்பதை எண்ணாக மாற்றி நமக்கு அனுப்புகிறது. நம் கணினி அந்த எண்ணைப் படித்து மீண்டும் நிறமாகத் தீட்டுகிறது.

## ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட்

நாம் பத்து இலக்கங்களை வைத்து எண்ணுகிறோம். கணினிக்கு 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். அப்படிப்பட்ட ஓர் இலக்கத்துக்குப் பிட் என்று பெயர். ஒரு பிக்சலின் நிறத்தைச் சொல்ல எத்தனை பிட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதே நிற ஆழம். ஒவ்வொரு பிட் கூடும்போதும், சொல்லக்கூடிய நிறங்களின் எண்ணிக்கை இருமடங்காகிறது. ஒரு பிட்டில் 2 நிறங்கள். 8 பிட்டில் 256. 15 பிட்டில் 32,768. 16 பிட்டில் 65,536. 24 பிட்டில் 1,67,77,216, அதாவது ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல்.

8 பிட் முறையில் பெரும்பாலும் ஷேடு கார்டைப் போலவே ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்வார்கள். அதற்கு மேற்பட்ட முறைகளில் பட்டியல் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாக எரிய வேண்டும் என்று மூன்று தனி எண்களாகச் சொல்லப்படுகிறது. இந்த மூன்றில் ஒவ்வொன்றையும் சேனல் என்பார்கள். 24 பிட் என்றால் சேனலுக்கு 8 பிட். அதாவது ஒவ்வொரு ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்.

பெருங்குழப்பம் ஒன்று பிறப்பது இங்கேதான். விண்டோஸ் 10 அல்லது 11-இல் மேம்பட்ட டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து பார்ப்பவர், அங்கே "பிட் டெப்த்: 8 பிட்" என்று எழுதியிருப்பதைக் கண்டு, தம் திரை 256 நிறங்களோடு நின்றுவிட்டதோ என்று பதறுவது உண்டு. அந்த 8 ஒரு சேனலுக்கான கணக்கு. ரிமோட் டெஸ்க்டாப்பில் வரும் 24, 32 ஆகியவை ஒரு பிக்சலுக்கான கணக்கு. இரண்டும் ஒரே திரையைப் பற்றி வெவ்வேறு அலகில் பேசுகின்றன. "10 பிட் மானிட்டர்" என்று கடையில் சொல்வதும் சேனல் கணக்குதான். பிக்சல் கணக்கில் அது 30 பிட், நூறு கோடிக்கும் மேற்பட்ட நிறங்கள். ஆகவே, 10 என்பது 32-ஐவிடச் சிறியது என்று பார்த்து இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

சுருக்கமாக: நிற ஆழம் என்பது ஒரு பிக்சலின் நிறத்தைச் சொல்லப் பயன்படும் எண்ணின் நீளம். எத்தனை பிக்சல்கள் என்பது அதில் அடங்காது. அது ரெசல்யூஷன் என்னும் தனி அமைப்பின் வேலை. விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

## 24-க்கும் 32-க்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை

பட்டியலில் 24-க்குக் கீழே 32 என்று பார்ப்பவர்கள், எட்டு பிட் கூடுவதால் நிறங்களும் பன்மடங்கு கூடும் என்று எண்ணுவது இயல்பே. உண்மையில் 32 பிட் முறையிலும் நிறத்தைச் சொல்வன 24 பிட்கள்தான். மீதமுள்ள 8 பிட்கள், ஒரு படத்தின் மேல் இன்னொன்று எவ்வளவு ஒளிபுகும்படி படிய வேண்டும் என்ற தகவலைத் தாங்குகின்றன, அல்லது வெறுமனே காலியாக விடப்படுகின்றன. கணினி 8, 16, 32 என்ற அளவுகளில் எண்களைக் கையாள வசதியாக அமைக்கப்பட்டிருப்பதால், மூன்று எட்டுகளுக்குப் பக்கத்தில் நான்காவது எட்டைச் சேர்த்து வைத்துக்கொள்வது அதற்கு எளிது.

இதற்கு வெளிப்படையான சான்று வி.என்.சி. என்ற தொலைத்திரை முறையின் விதிமுறையிலேயே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வகத்தில் உருவான இந்த முறையின் விதிகள் 2011-இல் ஆர்.எஃப்.சி. 6143 என்ற ஆவணமாக வெளியாயின. அதில் ஒரு பிக்சல் எத்தனை பிட் இடத்தைப் பிடிக்கிறது என்பதற்கு ஓர் இடமும், அவற்றில் எத்தனை பிட்கள் நிறத்துக்குப் பயன்படுகின்றன என்பதற்கு வேறோர் இடமும் தனித்தனியாக ஒதுக்கப்பட்டுள்ளன. முதலாவதில் 32 என்றும் இரண்டாவதில் 24 என்றும் இருப்பது மிகச் சாதாரணமான நிலை. லினக்ஸ் சர்வரில் 32 என்று அமைத்துவிட்டு, பின்னர் சோதித்துப் பார்க்கும்போது 24 என்று வருவதைக் கண்டு அமைப்பு ஏறவில்லை என நினைப்பவர்களுக்கும் இதுவே விளக்கம். எதுவும் பழுதாகவில்லை.

## 16 பிட்டில் சாம்பல் நிறத்துக்கு நேர்வது

16 பிட்டை மூன்றால் சமமாகப் பிரிக்க முடியாது. அதனால் சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 என்று ஒதுக்கினார்கள். மனிதக் கண் பச்சையின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும் என்பதால் மிஞ்சிய ஒரு பிட் பச்சைக்குப் போனது. ஆக, சிவப்பிலும் நீலத்திலும் 32 படிகள். பச்சையில் 64 படிகள். 15 பிட் முறையில் மூன்றுக்கும் ஐந்தைந்து.

இதன் விளைவை ஒரே ஒரு பிக்சலை எடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். வெளிர் சாம்பல் நிறத்தில் மூன்று சேனல்களும் சமமாக இருக்கும். 200, 200, 200 என்று வைத்துக்கொள்வோம். 200 என்பதைப் பிட்களில் எழுதினால் 11001000. சிவப்புக்கு ஐந்து பிட்தான் இடம் என்பதால் கடைசி மூன்றும் வெட்டப்பட்டு 11001 மட்டும் பயணம் செய்கிறது. 200 முதல் 207 வரை உள்ள எட்டு எண்களும் வெட்டியபின் இதே 11001 ஆகிவிடுகின்றன. அவற்றுக்குள் இருந்த வேறுபாடு அத்தோடு போயிற்று. நம் கணினி அதை மீண்டும் எட்டு பிட்டாக நீட்டும்போது, முன்பகுதி பிட்களையே பின்னால் ஒட்டி நிரப்புவது வழக்கம்; அப்படிச் செய்தால் 206 வருகிறது. பச்சைக்கு ஆறு பிட் கிடைப்பதால் அது 110010 ஆகப் போய், 203 ஆகத் திரும்புகிறது. முடிவில் நம் திரையில் தோன்றுவது 206, 203, 206. சமமாக இருந்த மூன்றில் பச்சை மட்டும் குறைந்துவிட்டது. சாம்பலில் மிக மெல்லிய ஊதாச் சாயல் ஏறிவிட்டது.

பக்கத்தில் 204, 204, 204 என்ற இன்னொரு சாம்பலை எடுத்துக்கொண்டால், அதே வழியில் அது 206, 207, 206 ஆகிறது. இங்கே பச்சை தூக்கலாக நிற்கிறது. அருகருகே இருந்த இரண்டு தூய சாம்பல்களில் ஒன்று ஊதாப் பக்கமும் மற்றொன்று பச்சைப் பக்கமும் சாய்கின்றன. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மெல்ல மாறும் ஒரு பின்னணியை 16 பிட்டில் பார்க்கும்போது, பட்டை பட்டையாகப் பிரிந்தும், பட்டைகளில் லேசான வண்ணக் கறை படிந்தும் தெரிவதன் காரணம் இதுதான். இப்படிப் பட்டை பிரிவதைப் பேண்டிங் என்பார்கள்.

அதே 16 பிட்டில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து எப்படித் தெரியும்? வெள்ளையும் கறுப்பும் எந்த ஆழத்திலும் பிசகாமல் வரும். எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் இடைப்பட்ட சாயல்களில் மட்டும் மிகச் சிறிய மாற்றம் இருக்கும். பெரும்பாலானோர் கண்ணுக்கு அது படாது. கணக்கேட்டிலும் கட்டளைத் திரையிலும் நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு 16 பிட்டால் பெரிய இழப்பு இல்லை என்பது என் கருத்து. ஒளிப்படம் பார்ப்பவருக்கு இழப்பு உண்டு.

## பிட்டைப் பாதியாக்கினால் இணையச் சுமை பாதியாகுமா

முதலில் நேர்க்கணக்கு. 1920-க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 32 பிட்டில் ஒரு முழுத் திரைக்கு 82,94,400 பைட். 16 பிட்டில் சரியாக அதில் பாதி. வினாடிக்கு 30 முறை முழுத்திரையையும் அப்படியே அனுப்பினால் 32 பிட்டில் வினாடிக்கு ஏறத்தாழ 2 ஜிகாபிட், 16 பிட்டில் 1 ஜிகாபிட். வீட்டில் 100 மெகாபிட் இணைப்பு வைத்திருப்பவருக்கு, முதல் கணக்கு அவர் இணைப்பைப் போல் இருபது மடங்கு. இரண்டாவது பத்து மடங்கு. நிற ஆழத்தைக் குறைப்பது மட்டுமே வழி என்றிருந்தால், இரண்டில் எதுவுமே அவருக்கு வேலை செய்திருக்காது.

ஆனாலும் தொலைக் கணினி சில மெகாபிட்டிலேயே நன்றாக ஓடுகிறது. அதற்கு உதவும் உத்திகள் வேறு. மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது முதல் உத்தி. நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து விழுந்த சிறு சதுரம் மட்டுமே பயணம் செய்கிறது, மீதித் திரை அசைவதில்லை. ஒருமுறை அனுப்பிய சிறு படங்களை நம் கணினியிலேயே சேமித்து வைத்து, அடுத்தமுறை "முன்பு அனுப்பியதையே போடு" என்று மட்டும் சொல்வது இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலையைச் செய்வது கம்ப்ரஷன். ஒரே நிறம் தொடர்ந்து வரும் இடங்களைத் தனித்தனியாகச் சொல்லாமல் "இதே நிறம் இன்னும் 600 பிக்சலுக்கு" என்று சுருக்கிச் சொல்லும் முறை.

கம்ப்ரஷன் நடுவில் வந்தபின் பாதிக்குப் பாதி என்ற கணக்கு நிலைப்பதில்லை. வெற்று வெள்ளைப் பக்கத்தைச் சுருக்கினால், அது 16 பிட்டில் இருந்தாலும் 32 பிட்டில் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும். அங்கே மிச்சம் பிடிக்க எதுவுமில்லை. 32 பிட்டில் காலியாக விடப்படும் எட்டு பிட்களும் எளிதில் சுருங்கிவிடுபவையே. ஒளிப்படத்திலோ காணொளியிலோதான் ஆழத்தைக் குறைப்பது எடையைக் குறைக்கும், ஆனால் அதே இடத்தில்தான் பேண்டிங்கும் கண்ணை உறுத்தும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது தாமதம் என்பதைத் தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் விசையைத் தட்டியது அங்கே போய், அதன் விளைவு இங்கே திரும்பி வர ஆகும் நேரமே தாமதம். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்த் திரும்ப 27,000 கிலோமீட்டர் என்றால், கேபிள் நேர்க்கோட்டில் கிடந்தாலும் 0.135 வினாடி ஆகியே தீரும்; கேபிள்கள் நேர்க்கோட்டில் கிடப்பதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாகும். அமெரிக்க சர்வரில் வேலை செய்யும் நம்மூர்ப் பணியாளர் ஒருவர் "தட்டினால் எழுத்து தாமதமாக விழுகிறது" என்று சொன்னால், அவரிடம் நிறத்தைக் குறைக்கச் சொல்வதில் பயனில்லை. ஓர் எழுத்தின் சிறு சதுரம் எந்த ஆழத்தில் இருந்தாலும் அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும்.

இதுவரை பார்த்தவற்றிலிருந்து: ஆழத்தைக் குறைப்பது, அனுப்ப வேண்டிய பொருளின் எடையைச் சில சூழல்களில் குறைக்கும், பயண நேரத்தை எந்தச் சூழலிலும் குறைக்காது.

## நீங்கள் தேர்ந்தெடுக்கும் எண் ஒரு கோரிக்கையே

பட்டியலில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அது அப்படியே நடைமுறைக்கு வந்துவிடும் என்று தோன்றும். நடப்பது வேறு. நாம் உட்கார்ந்திருக்கும் கணினியான கிளையண்ட்டும், தொலைவில் இருக்கும் கணினியான சர்வரும் இணைப்பின் தொடக்கத்தில் தத்தம் திறன்களைப் பரிமாறிக்கொள்கின்றன. நாம் கேட்டது, சர்வரின் நிர்வாகி விதித்த உச்சவரம்பு, இரண்டு பக்கத்து மென்பொருள்களுக்கும் தெரிந்தது ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஓர் அளவே இறுதியில் அமைகிறது. நிர்வாகி 16 என்று வரம்பு வைத்திருந்தால் நாம் 32 கேட்டாலும் 16-தான் கிடைக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் விதிமுறைக்கு ஆர்.டி.பி. என்று பெயர். 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு அது வந்தபோது 256 நிறங்களே கிடைத்தன. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது 24 பிட் சாத்தியமானது; விஸ்டாவோடு வந்த 6.0 பதிப்பில் 32 பிட் சேர்ந்தது. வினாடிக்கு 56 கிலோபிட் டயல்-அப் மோடத்தில் வேலை பார்த்த அந்த ஆண்டுகளில், நிறத்தைக் குறைப்பது மெய்யாகவே பலன் தந்தது. பழைய யோசனை பிறந்த இடம் அது.

2012-இல் விண்டோஸ் 8-உம் சர்வர் 2012-உம் ஆர்.டி.பி. 8.0 பதிப்போடு வந்தன. அப்போது ஏற்பட்ட மாற்றம் பலருடைய கவனத்துக்கு இன்னும் வரவில்லை. நிர்வாகிகளுக்கான குரூப் பாலிசியில் "லிமிட் மேக்ஸிமம் கலர் டெப்த்" என்றொரு விதி இருக்கிறது. அதைத் திறந்து விளக்கக் குறிப்பைப் படித்தால், 8.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் பயன்படுத்தும் கிளையண்ட்டுகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது, அவற்றுக்கு எப்போதும் 32 பிட் முறையே பயன்படும் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே, இரண்டு பக்கமும் புதிய விண்டோஸ் இருக்கும் அலுவலகத்தில் 16 பிட்டுக்கு மாற்றியபின் "இப்போது வேகமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அந்த வேகத்துக்கு இணைப்பைத் துண்டித்து மீண்டும் சேர்ந்ததோ, அந்த நேரத்து நெட்வொர்க் நிலையோ காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

## "32 பிட்" என்ற பெயருக்குள் 12 பிட்

இன்றைய தொலைக் கணினியில் படத் தரத்தைத் தீர்மானிப்பது கோடெக். திரையின் படத்தைச் சுருக்கி, மறுமுனையில் விரிக்கும் முறைக்கே கோடெக் என்று பெயர். காணொளிகளில் பயன்படும் எச்.264 என்ற கோடெக்கே இப்போது பல இணைப்புகளில் திரையைச் சுமந்து செல்கிறது.

இந்தக் கோடெக், சிவப்பு பச்சை நீலம் என்று பிரிக்காமல், ஒளியின் அளவைத் தனியாகவும் நிறச்சாயலை இரண்டு எண்களாகவும் பிரிக்கிறது. மனிதக் கண் ஒளி வேறுபாட்டைக் கூர்மையாகக் காணும். நிறச்சாயலை அவ்வளவு கூர்மையாகக் காணாது. அதனால் ஒளியளவை ஒவ்வொரு பிக்சலுக்கும் அனுப்பிவிட்டு, நிறச்சாயலை இரண்டுக்கு இரண்டான நான்கு பிக்சல் சதுரத்துக்கு ஒரே தடவை அனுப்புகிறார்கள். இந்த ஏற்பாட்டின் பெயர் 4:2:0. நான்கு பிக்சல்களுக்கு முழுமையாக 12 எண்கள் அனுப்ப வேண்டிய இடத்தில், நான்கு ஒளி எண்களும் இரண்டு சாயல் எண்களுமாக ஆறே எண்கள் போகின்றன. எண்ணுக்கு எட்டு பிட் என்றால் பிக்சலுக்குச் சராசரியாக 12 பிட்.

லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் ரெமினா என்ற மென்பொருளில் நிற ஆழத்துக்கான பட்டியலைத் திறந்தால், ஏ.வி.சி. 420, ஏ.வி.சி. 444 (ஏ.வி.சி. என்பது எச்.264-இன் இன்னொரு பெயர்), ரிமோட் எஃப்.எக்ஸ். என்னும் வேறொரு கோடெக் என்ற வரிகள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 32 என்றே எழுதியிருக்கும். எண் ஒன்றே, ஆனால் 420 வரியில் நிறச்சாயல் கால் பங்காகக் குறைக்கப்பட்டே வருகிறது. ஒளிப்படத்தில் இது தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து, கறுப்புத் திரையில் வண்ண எழுத்தில் நிரல் ஆகியவற்றில் இது உடனே தெரியும். எழுத்தின் விளிம்பு கரைந்து பக்கத்துப் பிக்சலில் கசிந்திருக்கும். "32 பிட்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் எழுத்து கலங்குகிறது" என்ற புகார்களில் பெரும்பங்கு இங்கே வந்து சேரும். விண்டோஸ் 10, சர்வர் 2016 முதல் நிறச்சாயலை முழுமையாக அனுப்பும் ஏ.வி.சி. 444 முறை வந்திருக்கிறது. குரூப் பாலிசியில் அதற்கு முன்னுரிமை தரும் விதி ஒன்றும் உண்டு. அதை இயக்க வேண்டிய இடம் சர்வர்.

## எங்கே மாற்றுவது

விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து "ஷோ ஆப்ஷன்ஸ்" அழுத்தினால் "டிஸ்ப்ளே" என்ற பகுதி வரும். நிற ஆழப் பட்டியல் அங்கே இருக்கிறது. அதை ஒரு கோப்பாகச் சேமித்து நோட்பேடில் திறந்தால், "செஷன் பி.பி.பி." (பி.பி.பி. என்பது பிக்சலுக்கு எத்தனை பிட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கி 32 போன்ற எண்ணில் முடியும் ஒரு வரியாக அதே அமைப்பைக் காணலாம். பலருக்கு ஒரே கோப்பை அனுப்பும் அலுவலகங்களில், பழைய 16 இந்த வரியில்தான் ஆண்டுக்கணக்காக ஒட்டிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் சர்வரை ஆர்.டி.பி. வழியாகத் திறக்க உதவும் எக்ஸ்.ஆர்.டி.பி. மென்பொருளை நிறுவியிருந்தால் அதன் அமைப்புக் கோப்பில் "மேக்ஸ் பி.பி.பி." என்ற வரி உச்சவரம்பைச் சொல்கிறது.

வி.என்.சி.யில் நிலைமை வேறு. இங்கே நிற ஆழம் இன்றும் உயிருள்ள அமைப்பு. எந்த வடிவில் பிக்சல்கள் வேண்டும் என்று கிளையண்ட் கேட்கும், சர்வர் அதற்கேற்ப மாற்றித் தர வேண்டும் என்பது விதி. டைகர் வி.என்.சி. பார்வை மென்பொருளில் முழு நிறம், 256 நிறங்கள், 64 நிறங்கள், 8 நிறங்கள் என்ற தேர்வுகள் உள்ளன. இணைப்பின் வேகத்தை அளந்து தானே தேர்ந்தெடுக்கும் "ஆட்டோ செலக்ட்" இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதை நீக்கினால்தான் நம் தேர்வு நிற்கும். சர்வரைத் தொடங்கும்போது தரும் ஆழம் தனி. அங்கே 16 என்று தொடங்கிவிட்டால், பார்வை மென்பொருளில் முழு நிறம் கேட்டாலும் இல்லாத நிறம் வந்துவிடாது.

## எதை முதலில் தொடுவது

புதிய விண்டோஸ் இரண்டு பக்கமும் இருந்தால் நிற ஆழத்தை 32-இலேயே விட்டுவிட்டு, "எக்ஸ்பீரியன்ஸ்" பகுதிக்குப் போவது நல்லது. டெஸ்க்டாப் பின்னணிப் படம், மெனு அசைவுகள், சாளரத்தை இழுக்கும்போது உள்ளடக்கத்தையும் சேர்த்து வரைவது ஆகியவற்றை நிறுத்தினால் மாறும் பிக்சல்களின் எண்ணிக்கையே குறைகிறது. எண்ணின் நீளத்தைக் குறைப்பதைவிட இதன் பலன் பெரிது. ரெசல்யூஷனைக் குறைப்பதும் அவ்வாறே: 1920-க்கு 1080 என்பதை 1280-க்கு 720 ஆக்கினால் பிக்சல்கள் பாதிக்கும் கீழே போய்விடும். அதற்கும் முன்னால், பிங் கட்டளையால் தாமதத்தை அளந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. சிக்கல் தூரத்தால் வரும் தாமதமா, வினாடிக்கு எவ்வளவு தகவல் போகும் என்ற இணைப்பின் அகலமா என்பது அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பழைய சர்வர், பழைய தின் கிளையண்ட் பெட்டி (சர்வரின் திரையைக் காட்டுவதற்கென்றே உள்ள சிறு கணினி), மெலிந்த செல்பேசி இணைப்பில் வி.என்.சி. ஆகியவற்றில் 16 பிட்டோ 256 நிறமோ இன்றும் கை கொடுக்கும். அங்கே தயங்காமல் குறைக்கலாம்.

அச்சுக்குப் போகும் வண்ணப் பக்கத்தைச் சரிபார்ப்பவர்களும் மருத்துவப் படங்களைப் படிப்பவர்களும் மட்டும் இந்த அமைப்பின் மேல் நம்பிக்கை வைத்துவிடக் கூடாது. சி.டி. ஸ்கேன் படம் வழக்கமாகப் பிக்சலுக்கு 12 பிட் சாம்பல் படிகளைச் சேமிக்கிறது; அதாவது 4,096 படிகள். சேனலுக்கு எட்டு பிட் உள்ள தொலைத்திரை ஒரு நேரத்தில் 256 சாம்பல் படிகளைத்தான் காட்டும், அதன் மேல் கோடெக் தன் பங்குக்குச் சுருக்கும். அத்தகைய வேலைகளில் தொலைத்திரையைக் கோப்பைத் தேடவும் ஒழுங்குபடுத்தவும் வைத்துக்கொண்டு, முடிவெடுக்க வேண்டிய படத்தின் மூலக் கோப்பையே வரவழைத்து, அதற்குரிய மானிட்டரில் நேரடியாகத் திறந்து பார்க்க வேண்டும்.